பத்துக்குக் குறைந்தால் இடமில்லை

எழுத்தரம்மா கூட்ட அறைக்குள் நுழைந்தாள். மேசை முழுக்க பிஸ்கட் தூள், போன கூட்டத்தின் காபிக் கறை. சுவரில் பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகளின் படம், அதன் கீழே 'வருமுன் காப்போம், ஒன்றுகூடிக் காப்போம்' என்று கொட்டை எழுத்து. மூன்று வருடமாக அந்த வாசகத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான். இன்றைக்கு அதன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. குழு விசாரிக்கப் போவது அவளுடைய அக்கா மகளை.

பெண்ணுக்குப் பதினான்கு வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் கட்டெறும்பு என்று கூப்பிடுவார்கள். நான்கு நாளைக்கு முன்னால் கூட வந்த சிநேகிதி 'உனக்கு தைரியம் இருக்கா' என்று கேட்டாளாம், இந்தக் கழுதை ஒரு கடையில் ஹெட்போனை எடுத்துச் சட்டைக்குள் செருகிக் காட்டினாளாம். வாசலிலேயே காவலாளி பிடித்துவிட்டான். முதல் தப்பென்றால் குழு கூடிக் கண்டித்து, தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் குழுவின் பட்டியலில் பத்து மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. நேராகச் சிறார் இல்லம், மூன்று மாதம்.

கட்டெறும்பின் மதிப்பெண் பதினொன்று. அதைப் போட்ட புண்ணியவதி வேறு யாருமில்லை, பள்ளிக்கூடத்து எழுத்தராக இருக்கும் சித்திக்காரியேதான்.

கெட்டுப்போகக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்துக் கரையேற்றுவது என்று காவல் நிலையமும் பள்ளியும் கடைக்காரர் சங்கமும் சேர்ந்து போட்ட திட்டம் அது. நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. ஊர் மெக்கானிக் தன் பட்டறையை வாரத்தில் மூன்று மாலை சும்மாவே விட்டுக்கொடுத்தார். அந்த மனுஷனை இதுவரை ஒரு கூட்டத்துக்கும் யாரும் அழைத்ததில்லை, அது வேறு கதை. பட்டறையில் சேரப் பத்து மதிப்பெண் வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைக்கு இரண்டு, அடிக்கடி மட்டம் போட்டால் இரண்டு. நியாயமாகப் பார்த்தால் கட்டெறும்புக்கு நான்குதான் வந்தது. அவளோ இன்ஜின் சத்தம் கேட்டால் சோற்றை மறந்துவிட்டு பட்டறை வாசலில் தவம் கிடப்பாள்.

படிவம் நிரப்பியே காலம் தள்ளுகிறவர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. அது வெறும் கட்டம், டிக் அடித்தால் காரியம் ஆகும், அப்புறம் காகிதம் பீரோவில் தூங்கும் என்று நினைப்பார்கள். எழுத்தரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். பென்சில் சீவ கட்டெறும்பின் பையில் ஒரு பிளேடு கிடந்தது. 'கத்தி வைத்திருக்கும் பழக்கம்' என்ற கட்டத்தில் டிக், நான்கு. சொல்லாமல் ஒரு ராத்திரி சிநேகிதி வீட்டில் தங்கியது 'வீட்டை விட்டு ஓடுதல்' ஆனது, மூன்று. குழுத் தலைவரே எழுத்தர்களைக் கூட்டிவைத்து, இடம் காலியாகக் கிடந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். பட்டறையில் சேர்ந்து எட்டு மாதமாகப் பெண் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை. அதை எழுதத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

காவல் ஆய்வாளர் கோப்பைப் பிரித்துப் படித்தார். கத்தி என்ற வார்த்தை வந்ததும், சலவை நிலையத்துச் சீருடைச் சேலையோடு வேலையிலிருந்து ஓடிவந்திருந்த அக்கா விருட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கத்திடி?"

கட்டெறும்பு திருதிருவென விழித்தாள். அக்கா கை ஓங்கிவிட்டாள். பெற்று வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு அரசாங்கக் காகிதத்தை நம்புகிறாளே என்று எழுத்தரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காகிதத்தை எழுதிய கை தன்னுடையது என்ற நினைப்பு அடுத்த நொடியே வந்து அந்தக் கோபத்தைத் தின்றது. தலைவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவர் ஒரு பிஸ்கட்டைக் காபியில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சீ என்றிருந்தது. பொய்ப் படிவம் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். சும்மா இருந்தால் பிள்ளை போகும்.

"கத்தி இல்ல சார், ஓடிப்போகவும் இல்ல. பட்டறைல இடம் கிடைக்கணும்னு நான்தான் பொய்யா எழுதினேன்."

அப்படி எழுதச் சொன்னது யார் என்று ஆய்வாளர் கேட்டார். அவள் தலைவரைக் கை காட்டினாள். தலைவர் கைக்குட்டையால் மீசையை ஒற்றிக்கொண்டு, அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவே இல்லை என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபக மறதி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களோடு மூன்று வருடம் ஒரே தட்டில் பிஸ்கட் தின்றிருக்கிறோமே என்று அவளுக்கு நாக்கெல்லாம் கசந்தது.

ஆய்வாளர் மட்டும் நேர்மையான ஆள். இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு நான்கு என்று திருத்தினார். எழுத்தரம்மா மேல் தனி விசாரணை உண்டு என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். பெண்ணைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுத்தரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கோப்பை மூடும்போது தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நாலுன்னா பட்டறைல இடமில்லம்மா. பட்டியல்ல இல்லாத பிள்ளை அங்க காலெடுத்து வைக்கக் கூடாது. விதி உங்களுக்கே தெரியும்."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். மெக்கானிக்கைக் கேட்கலாமே என்று எழுத்தரம்மா கெஞ்சிப் பார்த்தாள். அவர் குழு உறுப்பினர் இல்லை என்று பதில் வந்தது.

அக்கா தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள். கட்டெறும்பு மட்டும் மாடிப்படியில் நின்றாள். நாளை மாலை ஒரு இன்ஜினைப் பிரித்துக் காட்டுவதாக மெக்கானிக் சொல்லியிருந்தாராம். இனித் தான் வர முடியாது என்று அவரிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றாள் சித்தி. இரண்டு படி இறங்கியதும் பெண் மறுபடி நின்றாள். முகத்தில் குறும்பு இல்லை, அழுகையும் இல்லை. பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"சித்தி, நெஜமாவே பத்து வாங்கணும்னா நான் என்னென்ன பண்ணணும்?"