மழை புகுந்த குவிமாடம்

மேற்கே சாயும் ஞாயிறு தன் செம்பொற்கதிர்களைச் சோளக்கொல்லைகளின் மீது வாரி இறைத்து, வாபாஷ் ஆற்றின் கலங்கல் நீரையும் உருக்கிய செம்பென ஒளிரச்செய்யும் இளவேனில் மாலைப்பொழுதில், ஹார்லன்ஃபோர்டு என்னும் சிற்றூரைத் தொலைவினின்று நோக்குவார்க்கு முதற்கண் புலப்படுவது தேவாலயக் கோபுரமன்று, கூலக் களஞ்சியமுமன்று. முக்கோணக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று தோள்பிணைத்து, தூண் ஒன்றின் துணையுமின்றி, மண்ணினின்று ஊதியெழுந்த பெருங்குமிழியென நின்ற ஊர் நூலகமே அது. அறிவுசால் அன்பரே, அதன் அழகை எங்கள் ஊரார் ஒருநாளும் மறுத்ததில்லை. மழைநாளில் அதனுள் குடையின்றி அமர்வதற்கு மட்டுமே தயங்கினர்.

அதனை வகுத்தவர் ஆர்வில் தாக்ஸ்டன். பழைய நூலகம் தீக்கிரையான காலத்தில், கற்றைத் தலைமயிரும் கனல்விழியுமாய் வந்து நின்ற அவ்விளைஞர், மிகக் குறைந்த பொருளால் மிகப் பெரிய வெளியை வளைத்து மூடலாம் என்றும், வருங்காலத்து மாந்தரெல்லாம் இவ்வாறே வாழ்வர் என்றும் ஊர்மன்றத்தில் முழங்கினார். உழவரும் ஆசிரியரும் தாமே முன்வந்து, இலேசான கழிகளைக் கணுக்களில் முடுக்கி, அறுவடைக்கு முன்னரே அதனை நிறுத்திவிட்டனர். முதல் மழை வந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. பகல்வெம்மையில் விரிந்தும் இரவுக்குளிரில் சுருங்கியும் ஓயாது அசையும் அத்தனை இணைப்புகளையும் எந்தப் பசையாலும் காக்க இயலவில்லை. ஆண்டுகள் கழிந்தன, பசைகள் மாறின, ஒழுக்கு மாறவில்லை.

முடிவில் ஊர்மன்றம் பொறுமை இழந்தது. குளிர்காலத்திற்குள் ஒழுக்கு நிற்காவிடில் குவிமாடத்தை இடித்துச் செங்கற் கட்டடம் எழுப்புவதென முடிவாயிற்று. ஆர்விலின் மகளும் கூரை வேயும் தொழிலில் பெயர்பெற்றவளுமான வெர்னா ஒரு வழி கூறினாள்: கண்ணாடிகளின் மீது பலகை அடித்து, அதன்மேல் தார் ஓடுகளை மீன்செதிலென அடுக்கி மூடிவிடலாம். ஆயின், இடிப்பது ஊரின் உரிமையாயினும், நிற்கும் கட்டடத்தின் உருவை ஆர்வில் உயிரோடிருக்குமளவும் அவரது இசைவின்றி மாற்றுவதில்லை என ஊர் முன்னமே வாக்களித்திருந்தது. அவ்விசைவைப் பெற வெர்னா ஆற்றங்கரைக் குன்றிற்குச் சென்றாள். அங்கே, தம் கையாலெழுப்பிய சிறு குவிமாடத்தில், மனைவி லோயிஸ் மறைந்தபின் ஆர்வில் தனித்து வாழ்ந்துவந்தார்.

மகள் சொன்னதைக் கேட்டு அவர் நகைத்தார்.

"ஓடு போட்டு மூடுறதா? அதுக்கு மேல ஒரு காம்பையும் நட்டு வெச்சிரு. பூசணிக்காய்னு ஊர்ல நம்பிடுவாங்க."

"பூசணிக்காய் ஒழுகாதுப்பா."

"வெளிச்சத்துக்காகக் கட்டினது அது. வெளிச்சத்தை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? இடிக்கணும்னா இடிச்சிட்டுப் போகட்டும். மூட விடமாட்டேன்."

வெர்னா சினமின்றி, நெஞ்சில் பன்னாள் கிடந்ததை எடுத்துவைப்பவள் போன்று பேசினாள்.

"அம்மா கடைசியா படுத்திருந்த அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கா? இந்த வீட்டுலயும் சொட்டுற எடத்துலேர்ந்து கட்டிலை நானும் அம்மாவுமா நகர்த்திக்கிட்டே இருந்தோம். 'அப்பாகிட்ட சொல்லாதே, மனசு ஒடிஞ்சிடுவார்'னா. நானும் சொல்லல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க அந்த அறையிலதானே இருந்தீங்க அப்பா."

அவள் சென்றபின் ஆர்வில் மனைவியின் கட்டில் கிடந்த அறைக்குள் சென்று நின்றார். கட்டிற்கால்கள் மரத்தரையில் இழுபட்ட கீறல்கள், சுவரோரந்தொட்டு அறைநடுவரை, வழிதெரியாது அலைந்த சிற்றுயிரின் தடம்போல் வளைந்து வளைந்து கிடந்தன. நாள்தோறும் மிதித்துத் திரிந்த தரையை அவர் அன்றுதான் கண்டார்.

மறுவாரம், கார்முகில் திரண்டு வானம் இடைவிடாது பொழிந்த ஒரு நண்பகலில், அவர் ஊருக்குள் வந்து நூலகத்தின் கதவைத் திறந்தார். நூலகத் தலைவி ஒட்டிலி குரூகர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, கட்டினவரே வந்துட்டார்! வந்ததே வந்தீங்க, இந்த வாளியப் பிடிங்க. வரலாற்று அலமாரி நனையுது."

அவர் வாளியை வாங்கினார். பொழுது சாயுமட்டும், நிறைந்த வாளியை வெளியே கவிழ்ப்பதும் வெற்று வாளியைத் துளியின்கீழ் வைப்பதுமாய் உழன்றார். குடையை விரித்துத் தோளில் சாய்த்தவாறே செய்தித்தாள் படித்த உழவரொருவர் அவருக்காகக் கால்களை ஒதுக்கிக்கொண்டார். களைத்துப்போய் ஒட்டிலியின் அருகே அமர்ந்த ஆர்வில், தாழ்ந்த குரலில் வினவினார்:

"இவ்வளவு தொல்லை இருந்தும் எதுக்கு இங்கேயே வராங்க?"

"பின்ன எங்க போவாங்க? தேவாலயத்துல முன்னால இருக்கவன் முதுகுதான் தெரியும். மன்றத்துல மேடை. இங்க தூணும் இல்ல, மூலையும் இல்ல. எங்க உக்காந்தாலும் எல்லார் முகமும் தெரியுது. எதிர்க்கட்சிக்காரன் முகம்கூடத் தெரிஞ்சு தொலையுது."

"வெளிச்சம்?"

"வெளிச்சமா? கோடையில கண்ணு கூசுது, ஆர்வில். நான் தொப்பி போட்டுக்கிட்டுதான் வேலை பார்க்கிறேன்."

ஆர்வில் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பின் இறுதியில் அவர் கண்கள் நிறைந்தன. தாம் ஊருக்கு அளித்ததாய் எண்ணிச் செருக்கியது ஒன்று. ஊர் அவரிடமிருந்து பெற்றுப் பேணிவந்தது மற்றொன்று. அன்று மாலையே மகளின் பணிமனைக்குச் சென்று இசைவு தந்தார்.

"உச்சியில மட்டும் அஞ்சு முக்கோணத்தை விட்டுவைப்பியா?"

"அங்கதான் எல்லாத்தையும்விட அதிகமா ஒழுகுது அப்பா."

அவர் தம் கைகளைப் பார்த்தார். "சரி. அதையும் மூடு."

கோடை முழுவதும் வெர்னாவும் அவள் ஆட்களும் இடுப்பில் கயிறு பிணித்து அவ்வளைவில் தொங்கி வேலை செய்தனர். மழை தங்காத செங்குத்தான கீழ்வரிசையில் மட்டும் கண்ணாடிகளை அவள் அவ்வாறே விட்டாள். ஆர்வில் நாற்காலியிட்டுக் கீழே அமர்ந்து, "அந்த வரிசை கோணல்! எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்று நாள்தோறும் கூவினார். "கீழ உக்காந்து பார்த்தா எல்லாமே கோணல்தான், ஏறி வாங்க!" என்று அவள் மேலிருந்து மறுமொழி தந்தாள். லோயிஸ் மறைந்தபின் தந்தையும் மகளும் அத்துணைச் சொற்களைப் பரிமாறியது அக்கோடையில்தான்.

இலையுதிர்காலத்து முதல் மழையன்று அவர் நூலகத்தின் நடுவே அமர்ந்திருந்தார். மேலே இருள் செறிந்திருந்தது. கீழ்வரிசைச் சாளரங்களின் வழியே மெல்லொளி படர்ந்து முகங்களின் மீது மட்டும் தங்கியது. கூரைமீது மழை முழவென அதிர, உள்ளே ஒரு துளியும் விழவில்லை.

"இருட்டா இருக்கு," என்றார் ஆர்வில்.

அருகிலிருந்த வெர்னா அவரை நோக்கித் திரும்பினாள்.

"உங்கம்மாவுக்குப் பிடிச்சிருக்கும்," என்று சொல்லி அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

பனி உருகும் பருவத்தில் அவர் காலமானார். இடுகாட்டு நிலம் சேறாகியிருந்தமையால் ஊரார் நூலகத்தில் கூடி, வட்டமாய் அமர்ந்து, அவரைப்பற்றி நகையும் துயருமாய் நெடுநேரம் பேசியிருந்தனர். வருங்காலத்து மாந்தரெல்லாம் குவிமாடங்களில் வாழ்வர் என்ற அவர் கனவு கைகூடவில்லை. கழியிலும் கணுவிலும் அவர் கண்ட பேரொளியும் ஓடுகளின் அடியில் மறைந்தது. எனினும் அன்பரே, வெளியே மழை கொட்டிய அவ்வேளையில், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமர்ந்திருந்த அக்கூட்டத்தில் ஒருவரேனும் கூரையை அண்ணாந்து நோக்கவில்லை. கட்டியவனுக்கு ஓர் ஊர் செலுத்தும் நன்றி அதனினும் பெரிதாய் யாது இருத்தல் கூடும்?