கால் படாத வலை

"மிதி பிள்ளை, மிதி! நாலு மணிக்கு விசில் ஊதிப்போடுவாங்கள்!"

முன்னால் போன சைக்கிளிலிருந்து அடைக்கலநாதன் அண்ணை கத்தினார். நான் மிதித்தேன். குருநகர்க் கடற்கரை வீதியில் எதிர்காற்று. உச்சி வெயில். என் சங்கிலி ஏற்கெனவே ஒரு தடவை கழன்று, கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

எங்களுக்கு ஒரு வலை வேண்டும். அது கிடைக்காவிட்டால் அரையிறுதி ஆட்டம் இல்லை. ஆடாமலே தோல்வி.

ஆண்டு எழுபத்தெட்டு. அடைக்கலம் அண்ணை ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலை முடிந்தால் சமுத்திரத் தாரகை மகளிர் உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்சியாளர். நான் கமலாவதி. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்து பின்வரிசையில் ஆடியவள். கிண்ணத்தின் பெயர் அகில இலங்கை மகளிர் கிண்ணம். விதி ஒன்றுதான்: தோற்றவள் வீட்டுக்குப் போகவேண்டும், வென்றவள் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

அந்தப் பருவத்தை நினைத்தால் இன்றைக்கும் கால் குறுகுறுக்கிறது. முதற் சுற்று சாவகச்சேரியில். சந்தைக்கு வந்த சனம் வாழைக்குலையைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தது. இரண்டாம் சுற்று உடுப்பிட்டியில். பந்து போயிலைத் தோட்டத்துக்குள் விழுந்தால் தோட்டக்காரர் முதலில் எங்களைப் பேசுவார், பிறகு தானே ஓடிப்போய் எடுத்து வந்து, "அடுத்ததை அந்தப் பக்கம் அடியுங்கோ" என்பார். காலிறுதிக்கு யாழ்தேவி ரயிலில் அநுராதபுரம் போனோம். பெட்டி முழுக்கப் புட்டும் மீன்பொரியலும் மணந்தன. எதிரே இருந்த ஒரு ஐயா, "பிள்ளையள் கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்க, எங்கள் முன்வரிசைக்காரி சின்னத்தங்கம், "ஓம் ஐயா, மாப்பிள்ளையை உதைக்கப் போறம்" என்றாள். ஐயா தன் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அரையிறுதி எங்கள் ஊரில். வந்திருந்தது கொழும்பு அணி. காலையில் மைதானத்தைப் பார்க்க வந்த நடுவர் ஒரு கோல் கம்பத்தில் நல்ல வலையைக் கண்டார். மற்றக் கம்பத்தின் வலை கறையான் தின்று, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. இரண்டு பக்கமும் வலை வேண்டும், இல்லாவிட்டால் வெற்றி விருந்தாளிகளுக்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடைக்கலம் அண்ணை அப்போது சிரித்தார். "குருநகரிலை வலைக்குப் பஞ்சமோ?"

நடுப்பகல்வரை வீடு வீடாகக் கேட்டும் யாரும் தரவில்லை; அவர் சிரிப்பும் போய்விட்டது. கடைசியாகக் கிறகோரி சம்மாட்டியின் படலையைத் தட்டினோம். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். முற்றத்தில் வலைகள் குவிந்து கிடந்தன.

"அடைக்கலம், என்ரை தலையைக் கேள், தாறன். வலையை மட்டும் கேளாதை" என்றார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "உங்கடை தலையைக் கொண்டுபோய் அவை என்ன செய்யிறது? பந்தாவோ?"

"நீ சும்மா இரு! தம்பி, ஞாயிறு பூசை முடிய நீக்கிலாப்பிள்ளை கோயில் வாசல்லை நிண்டு ஒவ்வொருத்தரிட்டையும் வாக்கு வாங்கினவன். பந்தடிக்கிற பெட்டையளுக்கு ஆரும் ஒரு உதவியும் செய்யப்படாது, ஒரு முழ வலைகூடக் குடுக்கப்படாதெண்டு. கோயில் வாசல்லை குடுத்த வாக்கை நான் எப்பிடி மீறுறது?"

நீக்கிலாப்பிள்ளை வேறு யாருமில்லை. எங்கள் கோல்காப்பாளர் யோசப்பினின் அப்பா.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வலை பின்னலாம், கிழிசல் பொத்தலாம்; அதில் பாதி வேலை அவர்களுடையதுதான். ஆனால் பெண்ணின் கால் வலையில் படக்கூடாது. பட்ட வலையில் மீன் ஏறாது என்று, அதை யாரும் கடலுக்குக் கொண்டு போகமாட்டார்கள். கோல் வலைக்குள் காப்பாளரின் கால் படாமல் இருக்குமா? தவிர, நீக்கிலாப்பிள்ளைக்கு மகள் காற்சட்டை போட்டு ஊர் முன்னால் விழுந்து புரள்வதே பிடிக்கவில்லை. போன மாதம் அவளுடைய சப்பாத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இடது கையால் ஒரே வீச்சில் கடலுக்குள் எறிந்தார். சப்பாத்து அவ்வளவு தூரம் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் என் தம்பியின் சப்பாத்தில் பேப்பர் அடைத்து ஆடினாள்.

"முடிஞ்சுது பிள்ளை" என்றார் அடைக்கலம் அண்ணை. திரும்பி வரும்போது அவர் மிதிக்கச் சொல்லவில்லை.

மைதான வாசலில் யோசப்பின் ஓடி வந்தாள். "அண்ணை! அது ஆரின்ரை வலை?"

கம்பத்தில் வலை தொங்கியது!

கறையான் தின்ற வலை கழற்றப்பட்டு ஒரு பக்கம் கிடந்தது. அதன் இடத்தில் பழுப்பு நிற மீன்வலை. மேலே மிதப்புக் கட்டைகள், அடியில் ஈயக் குண்டுகள். நடுவரும் கொழும்பு அணியும் சாப்பிடப் போன நேரம், மைதானத்தில் ஒரு குருவி இல்லாத நேரம், யாரோ வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வானத்திலையிருந்து சம்மனசு இறங்கி வந்து கட்டியிருக்கும்" என்றாள் சின்னத்தங்கம்.

"சம்மனசு ஈயக் குண்டும் சேர்த்துக் கட்டுமோ?" என்றார் அடைக்கலம் அண்ணை. அவருடைய கண் கலங்கியிருந்தது. நடுவர் வந்து வலையைச் சுற்றிப் பார்த்தார், ஒரு குண்டைக் காலால் தட்டினார், தலையாட்டினார்.

நாலு மணி. விசில்.

முதற் பாதியில் யோசப்பின் நின்றது பழைய, நல்ல வலையின் முன்னால். மீன்வலைக் கம்பத்தை நோக்கி நாங்கள் அடித்தோம். பத்து நிமிடத்துக்குள் கொழும்புக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து ஒன்று விட்டாள். கோல். யோசப்பின் உள்ளே போய்ப் பந்தை எடுத்து எறிந்தாள்.

பிறகு எங்கள் முறை. சின்னத்தங்கம் இரண்டு பேரைத் தாண்டி ஓங்கி அடித்தாள். பந்து கம்பத்துக்குள் புகுந்தது, வலையில் பட்டது, பட்ட வேகத்தில் வெளியே பாய்ந்து வந்தது! நடுவர் ஓடி வருவதற்குள் பந்து மைதானத்தின் நடுவில். கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று எண்ணி அவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையசைத்தார். அந்தப் பாதி முழுக்கக் கொழும்புக் காப்பாளர் வலைக்குள் கால் வைக்கத் தேவை வரவில்லை.

"உவருக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுதோ?" என்று வேலிப்பக்கம் கூச்சல் எழுந்தது.

கூச்சல் வந்த பக்கம் திரும்பினேன். வேலிக்கு அப்பால் வேப்பமரத்தின் கீழ் நீக்கிலாப்பிள்ளை நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு. மகளை இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறார்.

இடைவேளையில் அவர் அசையவில்லை. யோசப்பின் தண்ணீர்கூடக் குடிக்காமல் மீன்வலைப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"விறைக்கக் கட்டியிருக்கு, கமலா. காயப்போடுற மாதிரி. கடல் வலை கட்டிப் பழகின கைதான் இப்பிடிக் கட்டும். கொஞ்சம் தொய்ய விடவேணும். நீ கயிறைப் பிடி."

வெளியே நின்றபடி கயிற்றைத் தளர்த்தினோம். ஒரு மூலையில் கிழிசல் பொத்திய இடம். அவளுடைய விரல் அந்த முடிச்சுகளில் ஒவ்வொன்றாக ஊர்ந்தது. நின்றது. மீண்டும் முதலிலிருந்து ஊர்ந்தது.

"என்னடி?"

"ஒண்டுமில்லை."

அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் பரந்து கிடந்த வலை விளிம்பைக் கையால் அள்ளி, கோல் கோட்டிலிருந்து எட்டப் பின்னால் ஒதுக்கினாள்.

இரண்டாம் பாதியில் அந்தக் கம்பத்தைக் காத்தது யோசப்பின். அப்படி அவள் ஆடி நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பந்து கம்பத்துக்குப் பின்னால் போனால், எல்லோரும் செய்வதுபோல வலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகாமல் கம்பத்தைச் சுற்றிப் போனாள். நடுவர் நேரம் கடத்துகிறாள் என்று எச்சரித்தார். அவள் கேட்கவில்லை.

சின்னத்தங்கம் ஒன்று போட்டாள். சமன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைத் தலையால் போட்டாள். வேலியில் ஒரு தடி முறிந்தது.

முடிய இரண்டு நிமிடமோ என்னவோ இருந்தது. முன்னால் வந்து நின்ற யோசப்பினின் தலைக்கு மேலால் கொழும்புக்காரி பந்தைத் தூக்கிவிட்டாள். யோசப்பின் பின்னால் ஓடினாள். ஓடிய வேகத்தில் பந்தோடு வலைக்குள் விழவேண்டியவள். விழவில்லை. இடது கையால் கம்பத்தை எட்டிப் பிடித்து, உடம்பைக் காற்றில் சுழற்றி, வலது கையால் குத்தினாள். பந்து வெளியே. அவளுடைய இரண்டு காலும் கோட்டுக்கு முன்னால் வந்து இறங்கின.

சர்க்கஸ்காரி என்று சனம் விசிலடித்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டுக்கு ஒன்று. அடைக்கலம் அண்ணை புல்லில் குப்புற விழுந்து அழுதார். நான் வேப்பமரத்தைத் தேடினேன். கீழே யாருமில்லை. பொழுதுபட முன்னமே கம்பத்தில் வலையும் இல்லை.

இரண்டாம் நாள் யோசப்பினின் அம்மா செபஸ்தியம்மா கொடுத்துவிட்டதாக, கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறைய விளைமீன் வந்தது. நல்ல பாடு, வலை நிறைய மீன் என்று கொண்டுவந்தவர் சொன்னார். நாங்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

இறுதி ஆட்டத்தைச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில், பெரிய மைதானத்தில், மூன்றுக்குப் பூச்சியம். கிண்ணத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். நினைத்ததைவிடச் சின்னது. அடுத்த வருடம் அந்தப் போட்டி நடக்கவில்லை. எங்கள் அணியில் பாதிப்பேர் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆனையிறவில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாக மினுங்கியது. எல்லோரும் நித்திரை. யோசப்பின் மட்டும் யன்னலில்.

"ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு ஏன் அந்தக் குரங்குப் பாய்ச்சல் பாய்ஞ்சனி?" என்றேன்.

"கால் பட்டிருந்தால் அந்த வலை பிறகு கடலுக்குப் போயிராது."

"ஆரின்ரையோ வலைக்கு நீ ஏன் எலும்பை முறிக்கவேணும்?"

அவள் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. கண்ணில் வேறு ஏதோ.

"பொத்தின இடத்திலை முடிச்சைத் தடவிப் பாத்தன். எல்லாம் மறுபக்கம் திரும்பி விழுந்திருந்தது. இடக்கை முடிச்சு."

"எண்டால்?"

"ஊர் முழுக்க வலை குடுக்கமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டுது, கமலா. வாக்குக் குடுக்காத ஆள் ஒராள்தான் மிச்சம் இருந்தது" என்றாள் யோசப்பின். "வாக்கு வாங்கின ஆள்."