மூன்றடி அலை

அந்த வரி வரைபடத்துக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது. சுடலைச்செல்வி அதை வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத்தான் படித்தாள். புதன்கிழமை முதல் அலையின் உயரம் அடியில் அல்ல, மீட்டரில் காட்டப்படும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்னொரு தடவை படித்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த செல்லத்துரையின் பிரௌசிங் சென்டரில் அவள் இரண்டு வருடமாக வேலை பார்த்தாள். மனு அடித்துக் கொடுப்பது, பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, இவைதான் வேலை. அந்தத் தை மாதத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் இன்னொன்றையும் சேர்த்திருந்தது. தினமும் காலையில் கடல் வானிலைப் பக்கத்தைத் திறந்து, மன்னார் வளைகுடாவில் இன்றும் நாளையும் அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கடலோரத்துச் சிப்பிகுளம் டெலிபோன் பூத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே பூத் நடத்தும் லூர்தம்மாள் அதை மைக்கில் ஊருக்குச் சொல்வாள். சிப்பிகுளத்துக்கு அப்போது இன்டர்நெட் வந்திருக்கவில்லை.

சுடலைச்செல்விக்கு ஊர் நாகலாபுரம். மிளகாயும் பருத்தியும் பார்த்து வளர்ந்தவள். கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், இரண்டும் திருச்செந்தூரில். அலை என்பது அவளுக்குத் திரையில் தெரியும் ஒரு எண். வழக்கமாக அந்த எண் மூன்றாக இருக்கும், சில நாள் நான்கு. நேற்றும் மூன்றுதான் இருந்தது. அதனால் நேற்று போனில் வழக்கம் போலவே சொன்னாள்: "நாளைக்கு அலை மூணு அடி. காத்து இல்ல."

மூன்று மீட்டர் என்றால் பத்தடி.

அந்தப் பத்தடிக்குள் அவள் புருஷன் இருந்தான்.

இசக்கிமுருகனுக்குக் கடலில் வேலையே கிடையாது. அவன் மானாவாரிக்காரன். புரட்டாசியில் மழை விழும் வரைக்கும் கரிசலில் செய்ய ஒன்றுமில்லை என்பதால், அந்த வைகாசியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தான். காற்றுச் சிலிண்டர் தூக்குவது, கயிறு பிடிப்பது, சோறு பொங்குவது. புதன்கிழமை சாயங்காலம் சிப்பிகுளத்துக்குப் பஸ் ஏறும்போது அவளிடம் கேட்டான்.

"நாளைக்குக் கரியசல்லித் தீவுக்குப் போறோம். கடல் எப்படி இருக்கும்?"

"கண்மாய் மாதிரி கிடக்கும். பயப்படாமப் போயிட்டு வாங்க."

அந்த வார்த்தை இப்போது அவள் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அவனுக்கு நீச்சல் தெரியும். கண்மாயில் கற்ற நீச்சல்.

வரைபடத்தின் நேரத்தைப் பார்த்தாள். அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால், அலை உச்சத்துக்கு வருவது பகல் பதினொன்றரைக்கு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பதினெட்டு வினாடி என்று போட்டிருந்தது. அது எதைக் குறிக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த அலை இங்கே காற்றடித்துக் கிளம்பியதல்ல. ஆயிரக்கணக்கான மைலுக்குத் தெற்கே எங்கோ புயலடித்து, அங்கிருந்து நடந்து வருவது. இங்கே வானம் தெளிவாக இருக்கும். ஆழத்தில் வள்ளம் லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். பார் எனப்படும் பவளப்பாறைத் திட்டின் மேல் வந்து கால் தட்டும்போதுதான் அது எழுந்து நிற்கும்.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை எண் தப்பிப் போயிற்று. மூன்றாவது தடவை மணியடித்தது.

"அக்கா, நான் விளாத்திகுளம் செல்வி பேசுதேன். வள்ளம் கிளம்பிட்டா?"

"ஆறு மணிக்கே போயிட்டே. உங்க வீட்டுக்காரவியளும் காலேஜ் பிள்ளையளும் போனாவ. எங்க வீட்டுக்காரவியதான் வள்ளம் கொண்டு போறாவ. ஏன் கேக்க?"

லூர்தம்மாளின் புருஷன் அந்தோணிப்பிச்சைதான் வள்ளக்காரன் என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அக்கா, நான் நேத்து தப்பாச் சொல்லிட்டேன். மூணு அடி இல்ல. மூணு மீட்டரு. பத்தடி. பதினோரு மணிக்கு மேல பாருல வந்து உடையும்."

"இங்கன கடல் குளம் மாதிரி கிடக்கு தாயி," என்றாள் லூர்தம்மாள் மெதுவாக. "ஒரு பூச்சிக் காத்து இல்ல."

"காத்து இருக்காதுக்கா. அலை மட்டும் வரும். தெக்க இருந்து வருது. யாரையாவது அனுப்புங்க, சீக்கிரம் அனுப்புங்க!"

போன் வைக்கப்படவில்லை. மேசை மேல் போட்டுவிட்டு அவள் ஓடியிருக்க வேண்டும். சுடலைச்செல்வி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். தூரத்தில் மைக் கிரீச்சிட்டது. லூர்தம்மாளின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "வலைக்குப் போன ஆளு யாரும் பாருக்குக் கிட்ட போவாதிய... கரியசல்லிக்கு வள்ளம் வேணும்... ஏலே சேவியரு, எங்க இருந்தாலும் ஓடி வா..."

மறுபடி அவள் போனுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. "என் தம்பி சேவியரும் அவன் கூட்டாளி ஒருத்தனும் இஞ்சின் வள்ளம் எடுத்துட்டுப் போறானுவ."

அப்போதுதான் சுடலைச்செல்விக்குப் பயம் இரட்டிப்பானது. நான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது ஆறு பேர். இந்த இரண்டு பேரும் அவள் சொல்லைக் கேட்டுத்தான் போகிறார்கள். நேற்றைய சொல் தப்பு. இன்றைய சொல்லும் தப்பாக இருந்தால்? தப்பாக இல்லாவிட்டால்?

செல்லத்துரை அவள் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. கடையை அப்படியே அடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"ஏறும்மா. போற வழியில சொல்லு."

குளத்தூர் வழியாகப் போனார்கள். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. வேலிக்கருவை ஒரு இலைகூட அசையாமல் நின்றது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை. அவள் மேகத்தைத் தேடினாள். ஒரு கறுப்பு இருந்திருந்தால்கூட, அவர்கள் பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, இன்னும் வேகமாப் போங்க."

"போறேம்மா. வண்டி இதுக்கு மேல போவாது. உன் வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் ஆகாது. வள்ளக்காரனுக்குக் கடல் தெரியாதா?"

கடல் தெரிந்தவனும் நேற்று மைக்கில் மூணு அடி என்று கேட்டுவிட்டுத்தானே போயிருக்கிறான்.

சிப்பிகுளம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். கடல் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது. பெரிய எண்ணெய்ச் சட்டி போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒருவன் சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் போல," என்றான். அவன் சொன்னது மெய்யாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

லூர்தம்மாள் தண்ணீர் ஓரமாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். இதுவரை குரலாக மட்டும் தெரிந்தவள். சுடலைச்செல்வி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நான்தான் செல்வி."

லூர்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கடலைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பின்னால் போனது. சத்தமே இல்லை. வழக்கமாக நனைந்து கிடக்கும் மணலைத் தாண்டி, பாசி பிடித்த கற்கள் தெரியும் வரைக்கும் போனது. சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். போன தண்ணீர் அவசரமில்லாமல் திரும்பி வந்தது. வந்து நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. இழுத்துப் போட்டிருந்த வள்ளங்களுக்கு அடியில் புகுந்து, காயப்போட்ட வலைகளைச் சுருட்டிக்கொண்டு, இவர்கள் முழங்கால் வரை ஏறியது. பெண்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சுடலைச்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். செல்லத்துரைதான் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கன பாரு," என்றாள் லூர்தம்மாள்.

தொடுவானத்தில் தீவு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அதற்குத் தெற்கே ஒரு வெள்ளைக் கோடு எழும்பியது. அது அணைந்தது. மறுபடி எழும்பியது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கையில் நூல் மாதிரிதான் இருந்தது. ஆனால் வெகுநேரம் கழித்து அதன் சத்தம் வந்தது. எங்கோ லாரியில் கல் கொட்டுவது போன்ற சத்தம்.

"அதான் பவளப்பாரு. அங்கனதான் பிள்ளையளை இறக்கிவிடுவாவ," என்றாள் லூர்தம்மாள்.

சுடலைச்செல்வி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு வரை எண்ணியதும் வெள்ளை எழும்பியது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் சரியாகப் பதினெட்டு. திரையில் பார்த்த எண் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. எண்ணுவதை நிறுத்தினால் என்னவோ ஆகிவிடும் என்பது போல அவள் எண்ணிக்கொண்டே நின்றாள்.

யாரோ கேட்டார்கள், "நேத்து மூணடின்னுதானே சொன்னாவ?"

லூர்தம்மாள் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று சுடலைச்செல்விக்குத் தோன்றியது. அந்த நினைப்பே இன்னொரு பயமாக இருந்தது.

"நான்தான் தப்பாச் சொன்னேன்," என்றாள். "மீட்டரை அடின்னு படிச்சுட்டேன். உங்க மைக்கு தப்புச் சொல்லல. நான்தான்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். ஒரு பெண், "உன் புருசனும்லா அங்க இருக்கான்," என்று மட்டும் சொன்னாள். திட்டா இரக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. வள்ளம் எதுவும் தெரியவில்லை. கோயிலில் மணியடித்துச் சிலர் ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். அவளுக்கு எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. பதினெட்டுதான் வந்தது.

இரண்டு மணி சுமாருக்குக் கிழக்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி கறுத்து, நீண்டு, ஒரு வள்ளமானது. ஒரே வள்ளம். இரண்டு போயிருந்தன.

"தலையை எண்ணுங்க," என்று யாரோ கத்தினார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. பின்பக்கம் இன்னும் இரண்டு. ஐந்து. வள்ளம் கிட்டே வந்த பிறகும் ஐந்துதான். ஆறாவது தலை இல்லை.

லூர்தம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். விரல் நகம் பதிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யாருடைய தலை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியிருந்தது, தெரியவும் கூடாதிருந்தது. பின்பக்கம் நின்றவன் கையை உயர்த்தினான். "எங்க வீட்டுக்காரவிய," என்றாள் லூர்தம்மாள். சொல்லிவிட்டுப் பிடியை விட்டாள். அப்புறம், விட்டதற்கு வெட்கப்பட்டவள் போல, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

இசக்கிமுருகன் வள்ளத்தின் அடியில் குப்புறக் கிடந்தான். முதுகிலிருந்து கணுக்கால் வரை பவளச் சல்லி அறுத்த கோடுகள், ரத்தமும் மணலுமாக. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது. கண் அசைந்தது.

"அழாத," என்றான். குரல் உப்பில் கரகரத்தது. "உசுரு இருக்கு."

நடந்ததைச் சேவியர்தான் சொன்னான். மாணவர்கள் இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியில் இருந்தபோது, தெற்கே கடல் கறுப்பாக உயர்வதை அந்தோணிப்பிச்சை பார்த்திருக்கிறார். நங்கூரக் கயிற்றை இழுக்க நேரமில்லாமல் வெட்டிவிட்டார். முதல் அலையில் வள்ளத்தை மேலே ஏற்றிவிட்டார். இரண்டாவது அலை தலைக்கு மேல் உடைந்தது. வள்ளம் பாரில் மோதிப் பலகை பலகையாகப் போயிற்று. எல்லாரையும் தண்ணீர் பாரின் மேல் தேய்த்துக்கொண்டே தீவுப் பக்கம் தள்ளிவிட்டது. செண்பகராஜ் என்ற மாணவனுக்குக் கை ஒடிந்தது. சேவியரும் கூட்டாளியும் டீசல் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது நான்கு பேரும் மணல் திட்டில் கிடந்தார்கள்.

"நாங்க பாருக்கு வெளியில நின்னுட்டோம்," என்றான் சேவியர். "பெரிய அலை ஏழெட்டு வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். ஓயுத நேரம் பாத்து, தீவைச் சுத்தி வடக்க போய் ஏத்துனோம். பத்தடின்னு அக்கா மைக்குல சொன்னதாலதான் நின்னோம். இல்லைன்னா நேரே உள்ள போயிருப்போம்."

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இசக்கிமுருகன் பதினாறு நாள் இருந்தான். சல்லி வெட்டு சீக்கிரத்தில் ஆறாது. அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், பாதித் தூக்கத்தில், "கண்மாய் மாதிரின்னு சொன்னியே," என்றான். விழித்ததும் அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவில்லை. அவளும் சொல்லவில்லை.

தொண்டு நிறுவனம் ஒரு வாரம் அந்த வேலையை நிறுத்தி வைத்தது. அது அப்படியே நின்றுபோனால் நல்லது என்று அவள் நினைத்தாள். திரையைத் திறந்தாலே கை ஈரமாகியது. சிப்பிகுளத்துக்காரர்கள்தான் விடவில்லை. வள்ளம் இழந்த அந்தோணிப்பிச்சையே செல்லத்துரைக்குப் போன் பண்ணினார். "அந்தப் பிள்ளையே சொல்லட்டும். ஆனா ஒரு தடவை இங்க வந்து பாத்துட்டுப் போகணும். என்ன சொல்லுதோம்னு தெரியாமச் சொல்லக்கூடாது."

ஆனி மாதத்தில், காற்றில்லாத ஒரு காலை வேளையில், அவள் சேவியரின் வள்ளத்தில் ஏறினாள். லூர்தம்மாள் கூட வந்தாள். அதுவரை அவள் போனில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. வள்ளத்திலும் பேசவில்லை, பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அலை ஒன்றரை அடி. சுடலைச்செல்வி மூன்று தடவை சரி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பாருக்கு அருகில் சேவியர் இஞ்சினை நிறுத்தினான். தண்ணீருக்குள் மஞ்சளும் பழுப்புமாகப் பாறை கிளை விட்டு நின்றது. அழகாக இருக்கும் என்று மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்தக் கிளைகளின் கூர்மைதான் தெரிந்தது. தெற்கிலிருந்து ஒரு சின்ன அலை வந்தது. வரும் வரைக்கும் கண்ணுக்கே படவில்லை. பாரைத் தொட்டதும் முதுகை நிமிர்த்தி, வெளுத்து, பக்கத்திலேயே உடைந்தது. வள்ளம் குலுங்கியது.

"இது நீங்க சொன்ன ஒண்ணரை அடி," என்றான் சேவியர். "அன்னைக்கு இதைப் போல ஏழு மடங்கு."

அவள் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலையையும் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

"போதும், திரும்புங்க," என்றாள். "நாளைக்கு உள்ள அலையைப் பாத்துச் சொல்லணும்."

யாரும் சிரிக்கவில்லை. சேவியர் வள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பினான்.