முப்பத்தெட்டாம் படிவம்

திருமலை கடைசியாகக் குடித்து நாற்பத்துநாலு மணி நேரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மூன்றாவது குவார்ட்டரை முடித்து, பாட்டிலைக் கொல்லையில் வீசிவிட்டுப் படுத்தார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் குளித்து, முனிரத்தினம் குருசாமி கையால் திருப்பதி விரதத்துக்கான கோவிந்தமாலை போட்டுக்கொண்டார். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி.

தேன்மொழி திருப்பதியிலிருந்து பஸ் மாறி பாலசமுத்திரம் வந்து இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமாவின் கைகளைப் பார்த்துவிட்டாள். மடிமேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. பிடித்தும் அவை நிற்கவில்லை.

"வா தேனு. உங்க மாமாவப் பாத்தியா? சாமி ஆயிட்டாரு," என்றாள் அக்கா நளினி. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது. "ஒம்போது வருசமா நான் கூப்புட்ட பேருங்களே வேற. இப்ப சாமின்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

"நாப்பத்தோரு நாளைக்கு எனக்கு மட்டுமா விரதம்? இவ வாய்க்கும் சேத்துதான்," என்றார் திருமலை. சிரித்தார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கை எப்பலேர்ந்து ஆடுது சாமி?" என்றாள் தேன்மொழி.

"நேத்திலேர்ந்துதான். காலையில கறக்கப் போனேன், மாடு உதைச்சிட்ச்சி. அதுக்கே புடிக்கல."

நளினி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. தேன்மொழியால் சிரிக்க முடியவில்லை.

இந்த மாலை கழுத்தில் ஏறியதற்குக் காரணமே அவள்தான். பி.எஸ்சி. முடித்துவிட்டுத் திருப்பதியில் டாக்டர் ரோஹிணியின் ஆய்வில் வேலை செய்கிறாள். ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவதும் ரத்தம் எடுத்து வருவதும் அவள் வேலை. ரோஹிணி சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் பேர்போன டாக்டர். தினமும் குடிக்கிறவர்கள் மாலை போட்டதும் ஒரே நாளில் குடியை விட்டுவிடுகிறார்கள். நாற்பத்தோரு நாளில் அவர்களுடைய சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் என்ன ஆகின்றன என்று யாரும் அளந்து பார்த்ததில்லை, ரோஹிணி பார்த்தார். அறுபத்துமூன்று பேரைச் சேர்த்தார்கள். அட்டவணைகளில் இருந்தது அறுபத்திரண்டு பேர். சர்க்கரை இறங்கியிருந்தது, கொழுப்பு இறங்கியிருந்தது, கல்லீரல் தேறியிருந்தது. கட்டுரை மார்ச்சில் வெளிவந்தது.

போன மாதம் இதே கூடத்தில் உட்கார்ந்து தேன்மொழி அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னாள். "திடீர்னு நிறுத்தினா ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று நளினி கேட்டபோது, கட்டுரையில் இருந்த வரியை அப்படியே சொன்னாள்: குடியை நிறுத்தியதால் யாருக்கும் கடுமையான பாதிப்பு ஏற்படவில்லை.

அட்டவணையில் இல்லாத அந்த ஒருவர் முப்பத்தெட்டாம் நம்பர். ஏர்பேடு பக்கத்துக் கோவர்த்தனன். அவருடைய படிவத்தில் தேன்மொழியின் கையெழுத்தில் இருப்பது இதுதான்: மூன்றாம் நாள் விலகல். காரணம், பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. தீட்டு வந்தால் மாலையைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆய்வுக்கூடத்தில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அது உண்மையில்லை. கோவர்த்தனனின் மனைவி செங்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு கீதும்மா. நடந்தத எழுதிடாத, தீட்டுன்னே போட்டுக்கோ," என்று கெஞ்சினாள். எதிரில் நிற்பவரிடம் முடியாது என்று சொல்லத் தேன்மொழிக்கு எப்போதுமே வராது. எழுதிவிட்டாள். எழுதிய பிறகு அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

திருமலை மஞ்சள் வேட்டியைத் தட்டினார். பிறகு எதையோ கிள்ளி எடுத்துப் போட்டார்.

"இன்னா சாமி?" என்றாள் நளினி.

"எறும்பு. பாரு, எம்மாம் பெருசுன்னு."

வேட்டி சுத்தமாக இருந்தது. தேன்மொழி அக்காவை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, சித்தூருக்குக் கூட்டிகினு போயிடலாம். இப்பவே. ஆட்டோ சொல்லு."

"ஆஸ்பத்திரிக்கா? மாலையோடவா? தெனம் சாவு வுழற எடம்டி அது. உள்ள போனா கழட்டிதான் ஆவணும்."

"கழட்டட்டும்."

"நீ சொல்லுவ. பாதியில கழட்டினா நாளைக்கே கடைக்குப் போயிடுவாரு. இந்த ஒம்போது வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவரு வாயில நாத்தம் இல்லாம நான் தூங்கினதில்ல. நேத்து தூங்கினேன்." நளினி குரலைத் தாழ்த்தினாள். "கை ஆடும், வேர்க்கும், ரெண்டு நாளுல சரியாயிடும்னு குருசாமி சொன்னாரு. அறுவது பேருக்கு ஒண்ணும் ஆவலன்னு நீதானே படிச்சிக் காட்டின?"

தேன்மொழி போனை எடுத்து ரோஹிணிக்குப் போட்டாள். நளினி பிடுங்காத குறையாக, "சத்தமா வையி, நானும் கேக்கறேன்," என்றாள்.

ரோஹிணி புத்தூர்க்காரர், அவர்களிடம் தமிழில்தான் பேசுவார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எத்தனை மணி நேரம், எவ்வளவு குடிப்பார், காய்ச்சல் உண்டா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று விசாரித்தார்.

"டாக்டர்கிட்ட காட்டறது நல்லதுதான் தேன்மொழி. ஆனா அவர் வரமாட்டேன்னா வற்புறுத்தி விரதத்தைக் கெடுக்க வேணாம். நம்ம ஆளுங்க நெறைய பேரு இதே அளவு குடிச்சவங்கதானே. அவங்கள்ல யாருக்காவது வலிப்பு வந்ததா?"

தேன்மொழி சுவரைப் பார்த்தாள்.

"படிவத்துல இல்ல மேடம்."

"அவ்வளவுதான். எல்லாப் படிவமும் நீயே எழுதினது, உனக்குத் தெரியாதா? நெறைய தண்ணி குடிக்கட்டும், இளநீர் குடுங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வா, நானே பாக்கறேன்."

"கேட்டியா?" என்றாள் நளினி. அவள் முகம் தெளிந்துவிட்டது. டாக்டருக்கே நன்றி சொல்லப் போனை நோக்கிக் குனிந்தாள்.

திங்கட்கிழமை. தேன்மொழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். எண்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். கோவர்த்தனனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

கூடத்தில் திருமலையின் குரல் கேட்டது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாடா. ஏன் அங்கியே நின்னுகினு கீற? நளினி, துலுக்காணம் வந்துகிறான் பாரு. தண்ணி குடு."

நளினி எட்டிப் பார்த்தாள். வாசலில் வெயில் மட்டும் இருந்தது. துலுக்காணம் அவருடைய தம்பி. பெங்களூரில் லாரி ஓட்டுகிறவன். இன்று காலையில்தான் அங்கிருந்து போன் பண்ணியிருந்தான்.

"யாரு சாமி? வாசல்ல யாருமில்லியே."

"கண்ணு தெரியலியா உனக்கு?" திருமலை எழுந்தார். இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கி, தோள் சுவரில் மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய் மட்டும் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. துளசிமணிகள் மார்பில் படபடவென்று ஆடின.

நளினி ஓடிப்போய்த் தலையைத் தாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. ஆனாலும், "மயக்கம்தான், விரதத்துல ஒரு வேளைதானே சாப்பாடு, அதான்," என்றாள். "டாக்டரம்மா சொன்னாங்களே. யாருக்கும் ஒண்ணும் ஆவலியே. இல்ல தேனு?"

"என்ன சத்தம் அங்கே?" போனில் ரோஹிணி கேட்டார். "தேன்மொழி, லைன்ல இருக்கியா?"

அவள் போனை அக்காவுக்கும் தனக்கும் நடுவில் தரையில் வைத்தாள். இருவருக்கும் கேட்கும்படி பேசினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"முப்பத்தெட்டாம் நம்பர்ல நான் பொய் எழுதினேன் மேடம். அவங்க பங்காளி வீட்டுல யாரும் சாவல. கோவர்த்தனன்தான் செத்தாரு. குடியை நிறுத்தின மூணாம் நாளு, வலிப்பு வந்து, கழுத்துல மாலையோட."