இரண்டு பத்தியம்

கோகிலாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவளைத் தவிர எல்லோரும் வைத்தியரானார்கள். முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் புருஷன் பூபதி, மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இன்னொருவன் தம்பி அருள்மொழி, அதே மலையில் செம்மேட்டில் மிளகு வியாபாரி.

அருள்மொழி சோற்றை விட்டுவிட்டுக் கறியும் முட்டையுமாகத் தின்று தொப்பையைக் கரைத்தவன். "மாவுச்சத்துதானுங்க மாமா விஷம். அக்கா சோறு, கிழங்கு, களி எதையும் தொடக் கூடாது" என்பான். "எல்லாம் கலோரிக் கணக்கு மாப்பிள்ளை. அளவாத் தின்னுட்டு நல்லா நடந்தாப் போதும்" என்பார் பூபதி. யூடியூபில் ஆளுக்கொரு டாக்டர் கைவசம். ஒருநாள் வாய்த் தகராறு முற்றி, "என் பொண்டாட்டிக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியும்" என்று பூபதி சொல்லிவிட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு போன அருள்மொழி அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்ட கோகிலாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அவன் ஒருத்தன்தான்.

அவள் என்ன செய்வாள்? தம்பிக்குப் போன் போட்டு, "நீ சொன்னாப்புல சோத்தை உட்டுட்டேன் சாமி, ஊட்டுக்கு வா" என்றாள். புருஷனிடம், "நீங்க சொன்னபடி வெடியால எந்திரிச்சு நடக்கறேனுங்க, அவனைக் கூப்புடுங்க" என்றாள். தான் ஜெயித்துவிட்டதாக இருவருக்கும் திருப்தி; ஆனால் இவர் கூப்பிடவுமில்லை, அவன் வரவுமில்லை. பசிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரையை அவள் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி இந்த மேதாவிகள் வாயே திறந்ததில்லை.

ஒரு காலையில் நடக்கப் போனவள், மிளகுத் தோட்டத்து மேட்டில் மயங்கி உருண்டு விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மலையிறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"சர்க்கரை ரொம்பத் தாழ்ந்திருக்கு. சாப்பாட்டைக் குறைச்சு நடையையும் கூட்டினா மாத்திரையைக் குறைக்க வேண்டாமா? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் டாக்டர். பூபதி மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான். இனிப் பழைய நடை வருவது சந்தேகம்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

இருவரும் ஒரே கட்டிலருகே நிற்பதைப் பார்த்துக் கோகிலா மட்டும் சிரித்தாள். "ஒண்ணா வந்துட்டீங்களே, அது போதுமுங்க" என்றாள். பூபதி கடையில் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

ஒரு துண்டு விண்டெடுத்தவள் வாயில் வைக்கவில்லை. அத்தனை பசியிலும் முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இதைத் தின்னலாமா சாமி?"

தின்னுக்கா என்று சொல்ல வாயெடுத்த அருள்மொழிக்கு அழுகைதான் வந்தது.