அத்தைக்கு ஒரு கட்டம்

சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அண்ணனின் அலுவலக நண்பர்கள் மனைவியரோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கரண்டியோடு நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள்:

"நீங்களும் உட்காருங்க டீச்சர். எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க? நாற்காலிதான் இருக்கே."

டீச்சர் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் தட்டைப் பார்த்தான்.

"அவ அப்புறம் சாப்பிட்டுக்குவா. அதான் அவளுக்குப் பழக்கம்" என்று சிரித்தபடியே எழுந்த அண்ணி, காலி நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டாள்.

கூப்பிட்டவளுக்கு அப்போதுதான் உறைத்தது: இவள் புருஷன் செத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். "ஐயோ, சாரி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமல்ல அது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் டீச்சருக்கே பசி இல்லை. எல்லோரும் தூங்கப் போன பிறகு இரண்டு வாய் சாப்பிடுவாள். பசி திரும்பி வந்தபோது மேசையில் அவளுக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. விருந்தாளிகள் வந்தால் அதற்குக் காரணமும் சேர்ந்துகொண்டது. புருஷனை இழந்தவள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

அண்ணன் மகள் மட்டும் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போன நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாம் வகுப்பு. டீச்சரின் வகுப்பு. வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர் என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

மறுநாள் கணக்குப் பாடத்தில் விவரம் சேகரித்தல். 'உனக்குப் பிடித்த பழம் எது?' என்று கேட்கச் சொன்னது புத்தகம். ஆளுக்கொரு வண்ணக் காகிதக் கட்டம். பிடித்த பழத்தின் பெயருக்கு மேல் வரிசையாக ஒட்ட வேண்டும். முதல் பிள்ளை வாழைப்பழத்தில் ஒட்டியது. அடுத்தது எட்டிப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தில் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் வகுப்பே வாழைப்பழமாகிவிட்டது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. இதற்கெல்லாம் அவள் சளைப்பவள் அல்ல. வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்காகச் சொற்களை அட்டையில் எழுதி வகுப்பெங்கும் ஒளித்துவைப்பாள். கண்டுபிடித்தவர் உரக்கப் படித்தால்தான் அட்டை சொந்தம். பெஞ்சைச் சாணால் அளக்கவைப்பாள். பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் சண்டை மூளும். சண்டை முற்றியதும் அளவுகோலை எடுத்து நீட்டுவாள். வீட்டில் நாளெல்லாம் வாய் திறக்காதவள் இங்கே தொண்டை கட்டும்வரை பேசினாள்.

பக்கத்தில் பார்த்து எழுத முடியாத கேள்வியாக வேண்டும்.

"சரி, இதைக் கிழிச்சிடலாம். வீட்டுக்குப் போய் நல்லாப் பார்த்துட்டு வாங்க. ராத்திரி உங்க வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு? ஒரே ஒரு வரி எழுதிட்டு வரணும். நாளைக்குப் படிச்சுக் காட்டுறவங்களுக்குத்தான் கட்டம்."

அந்தக் கேள்வி ஏன் தன் வாயில் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் புதிய தாளில் அப்பா, அம்மா, அக்கா, தாத்தா என்று எழுதித் தயாராக இருந்தாள். இதுவரை எழுந்து நின்று படிக்காத பிள்ளைகள்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஓடிவந்து ஒட்டின. எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பேரெடுத்த சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க வீட்டுல கடைசி நாய்தான். நாய்க்கு இடமே போடலியே?"

"நாய்க்கு யாரு சோறு வைக்கிறா?"

"அம்மா."

"வெச்சிட்டு என்ன பண்ணுவாங்க?"

வக்கீல் யோசித்தாள். "உக்காந்து சாப்பிடுவாங்க" என்றவள், வழக்கில் தோற்ற முகத்தோடு கட்டத்தை அம்மாவுக்கு மேல் ஒட்டினாள்.

அம்மாவின் வரிசை தாளைத் தாண்டியது. இன்னொரு தாளை மேலே ஒட்டினார்கள். அதையும் தாண்ட, ஸ்டூல் போட்டு ஏறினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரின் உச்சியில், டீச்சர் கேள்வியைத் தலைப்பாக எழுதி ஒட்டினாள். அக்காவுக்குச் சில கட்டங்கள் இருந்தன. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வெறும் தாள்தான்.

"பாவம் டீச்சர், அப்பா தோத்துட்டாரு!" என்றது ஒரு குரல்.

"அம்மா ஜெயிச்சிட்டாங்க!" என்று வகுப்பே கை தட்டியது.

அண்ணன் மகள் மட்டும் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், எனக்கு வரிசை இல்ல" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து, ஓரமாக இருந்த இடத்தில் 'அத்தை' என்று எழுதிக் கட்டத்தை ஒட்டினாள். நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட்ட பிறகு அத்தை சாப்பிடுவாங்க. ஹால் விளக்கை அணைச்சிட்டு, அடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க."

"இவளோட அத்தைதானே நம்ம டீச்சர்!" என்றாள் வக்கீல்.

எல்லா முகங்களும் டீச்சர் பக்கம் திரும்பின. பிள்ளைகளுக்கு என்ன தோன்றியதோ, அவளுக்கும் கை தட்டினார்கள். ஜெயித்தவர்களுக்குத் தட்டுவதுபோலவே.

தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை அழித்துவிட்டு அதே தேதியை மறுபடி எழுதினாள்.

செய்தி அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெயித்த பெருமையோடு மகளே சொன்னாள்.

"என் வீட்டு அடுப்படியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டியிருக்கியா?" என்றான் அண்ணன். "உன்னை நாங்க பட்டினியா போட்டோம்?"

"நான் எழுதலண்ணா."

"கேள்வி கேட்டது நீதானே டீச்சரம்மா? வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள அது அங்க இருக்கக்கூடாது. இருந்தா, நீ வேற இடம் பார்த்துக்க."

அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் தன்மையானவர். தாளைக் கிழித்துவிடலாமா என்று டீச்சர் கேட்டதும் வகுப்புக்கு வந்து சுவரை அண்ணாந்து பார்த்து ரசித்தார். "ஏம்மா கிழிக்கணும்? பசங்க இவ்வளவு ஆசையா பண்ணியிருக்காங்க. தலைப்பை மட்டும் மாத்திடுங்க. 'எங்களுக்கு மிகவும் பிடித்தவர்'னு ஒரு பட்டியை மேல ஒட்டுங்க. அம்மாவைப் பிடிக்கும்னு சொன்னா யாரு கோபப்படப் போறா?"

ஒரு பட்டித் தாள். அவ்வளவுதான். டீச்சர் அதை அழகாக எழுதி, பழைய கேள்வியின் மேல் ஒட்டினாள். அண்ணன் வீட்டில் அவள் படுக்க ஒரு கட்டில் இருந்தது. பக்கத்தில் படுத்துக் கதை கேட்க அவன் மகள் இருந்தாள். அதைவிட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் கண்டுபிடித்தவள் வக்கீல்தான்.

"டீச்சர், கேள்வி மாறிப்போச்சு. பதில் மாறவேயில்லையே? மறுபடி எண்ண வேணாமா?"

"அப்புறம் சொல்றேன்" என்றாள் டீச்சர். அன்றுவரை அந்த வகுப்பில் அவள் சொல்லாத பதில் அது.

பெற்றோர்கள் வந்தார்கள். அப்பாக்கள் சுவரின் முன்னால் கூடிச் சிரித்தார்கள். "ஒரு ஓட்டுகூட விழலையேடா எனக்கு! வாடா வீட்டுக்கு, சைக்கிளா கேக்குற?" அம்மாக்களின் முகம் பூரித்திருந்தது. ஒருத்தி தன் மகனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். அவன் நெளிந்து டீச்சரைப் பார்த்தான்.

பழையதைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்த அண்ணி சுவரின் ஓரத்துக்கு வந்தாள். அங்கே தனியாக இருந்த ஒரு கட்டத்தைப் பார்த்தாள். கீழே மகளின் கையெழுத்து.

"பெத்தவ நானு. பிடிச்சவ அத்தையா?" குரல் உடைந்தது. "ராத்திரி பகலா உனக்குச் செய்யறவ நான். கதை சொல்றவதான் உனக்கு ஒசத்தியா போயிட்டாளா?"

"இல்லம்மா... அது அப்படி இல்லம்மா..." குழந்தை தாயைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவளுக்கு உதடு பிதுங்கி அழுகை வந்தது.

"எல்லாம் நீ சொல்லிக் கொடுக்கறது" என்றாள் அண்ணி, டீச்சரிடம்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பட்டியின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்து எடுத்தாள். பழைய எழுத்துகள் பசையோடு பளபளத்தன. கீழே இறங்கி, வக்கீலைப் பார்த்து, "படி" என்றாள்.

வக்கீலுக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. "இரவில்... எங்கள் வீட்டில்... கடைசியாகச் சாப்பிடுபவர்... யார்?"

சிரிப்பு ஓய்ந்தது. அப்பாக்கள் சிலர் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கைப்பேசியை எடுத்தார்கள். அண்ணன் வாசலுக்குப் போய்விட்டான். போகும்போது டீச்சரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இனி பேச ஒன்றும் இல்லை என்பது இருந்தது.

மகனைக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள். "நம்ம கட்டம் எதுடா?" என்று கேட்டாள். அவன் காட்டினான். எட்டித் தொட்டுப் பார்த்தாள். மற்ற அம்மாக்களும் தேடத் தொடங்கினார்கள். அண்ணி அந்த ஒற்றைக் கட்டத்தின் முன்னால் அசையாமல் நின்றாள். அவளுடைய கண் அதிலிருந்து அம்மா வரிசைக்குப் போனது. நெட்டுக்குத்தாக ஏறிய அந்த வரிசையில் அவளுக்கென்று ஒரு கட்டம் இல்லை. ஒருத்தி தனக்கும் பின்னால் சாப்பிட்டதால்தான் இல்லை.

தலைமையாசிரியர் வேகமாக உள்ளே வந்தார். கை கூப்பினார்.

"டீ ரெடி! எல்லாரும் பக்கத்து ரூமுக்கு வாங்க. இடம் கொஞ்சம் சின்னது. அதனால அப்பாக்கள் எல்லாம் முதல்ல முடிச்சிடட்டும், அம்மாக்கள் அடுத்து..."

பிள்ளைகளில் ஒன்று 'களுக்'கென்று சிரித்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

டீச்சர் அவரைக் கடந்து பக்கத்து அறைக்குள் போனாள். அங்கே இன்னும் யாரும் வரவில்லை. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். முதல் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்த ஆண்கள் அவளுக்கு இரு பக்கமும் நாற்காலிகளை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டீ நாக்கைச் சுட்டது. ஊதி ஊதி, அவசரப்படாமல் குடித்தாள்.