தப்பு போட்ட முழங்கால்

கணக்கு டீச்சர் முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் நோட்டில் தப்புக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டவர். அந்தக் கைப்பழக்கத்தில் அன்று காலை தன் வலது முழங்காலிலும் பேனாவால் ஒன்று போட்டுக்கொண்டார்.

"என்னம்மா கால்ல கிறுக்கல்?" என்றாள் மகள்.

"இது நல்ல கால்டி. தப்பு, தொடாதேன்னு போட்டிருக்கேன். மாத்தி அறுத்துட்டா?"

"டாக்டருக்கே நீ மார்க் போடுவியா?"

இப்போது ஆபரேஷன் அறை. கண்ணாடி மகளின் பையில், பல்செட் டப்பாவில். மார்புக்கு ஒரு பெல்ட், தொடைக்கு ஒரு பெல்ட். வாயையும் மூக்கையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க்.

"எந்தக் கால் சிஸ்டர்?" என்றார் அறுவை டாக்டர்.

"அதான் குறி போட்டிருக்கே டாக்டர். வலது."

அவர் போட்டிருப்பார் என்று இவள். இவள் போட்டிருப்பாள் என்று அவர். கேஸ் சீட்டைப் புரட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீச்சர் "இடது! இடது!" என்று கத்தினார். பல்லில்லாத வாயில் அது கூழாகி, மாஸ்க்குக்குள்ளேயே ஆவியாகப் படிந்தது.

"என்னவாம்?"

"இடுப்பு வலிக்குதாம் டாக்டர்."

"முதுகுல ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியாதும்மா. பயப்படாதீங்க."

அதுதானே பயமே! தலையை ஆட்டினார். யாரோ செல்லமாகக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். மாடிப்படியெல்லாம் இரண்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்த காலுக்கா இந்தக் கதி?

மயக்க டாக்டர் ஊசியோடு வந்தார். பெல்ட்டை அவிழ்த்தார்கள்.

"ஒருக்களிச்சுப் படுத்து, ரெண்டு முட்டியையும் வயித்தோட மடக்குங்க."

வலது முட்டி வெண்ணெயாக மடங்கியது. இடது, உலக்கையாக நீட்டிக்கொண்டு கிடந்தது.

"அதையும்தான் மடக்குங்களேன், அடம்பிடிக்காம!" சிஸ்டர் இடதைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ!"

ஐயோ சொல்வதற்குப் பல் வேண்டாம். அறையே திரும்பிப் பார்த்தது.

மயக்க டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "சிஸ்டர், சீட்டை எடுத்துப் படிங்க."

தாள் சரசரத்தது. சிஸ்டரின் குரல் உள்ளே போயிற்று. "இடது... டாக்டர்."

"அப்ப இந்தக் குறியை யார் போட்டது?"

அறுவை டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் அவரைப் பார்த்தாள். டீச்சர் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஒரு விரலைத் தூக்கினார். அதே விரலால் வாயைக் காட்டினார். பல்செட் வந்தது.

"தப்புன்னு போட்டேன்."

அறுவை டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கு அது 'இங்கே அறு'ன்னு அர்த்தம்மா."

வலதில் இருந்ததைப் பஞ்சால் அழித்தார்கள். இடதில் டாக்டரே குறி போட்டார். பல்லைக் கழற்ற சிஸ்டர் மறுபடி கையை நீட்டினாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தரேன். முதல்ல சீட்டைச் சத்தமா வாசி. அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும் வாசிக்கணும்."

வாசித்தார்கள், அறுவை டாக்டரிலிருந்து ஆரம்பித்து. கடைசி ஆள் முடிக்கும் வரை டீச்சர் பிடியை விடவில்லை.